கார்தான் குடிக்குதாம்

சன்னலோரம் நீயே உக்காந்துக்க அம்மணி, எனக்குக் காத்தடிச்சா காது வலிக்கும். பைய மேல வெக்காதே, மடியில வெச்சுக்க. அந்தா நிக்கறான் பாரு மஞ்சச் சட்டை, காந்திபுரத்துல ஏறுனதுல இருந்து உன்ற பையவே பாத்துட்டு நிக்கறான். இல்லேங்கறயா? இருக்கட்டும். பாக்காத மாதிரி பாக்கறதுக்குன்னே சில பேரு இருக்கறாங்க. எங்கிட்ட நடக்குமா அது?

நீ எதுவரைக்கும்? சத்தியமங்கலமா? நாங்களும் சத்திதான். நாங்கன்னா நானும் எங்கூட்டுக்காரரும். அதோ, ஆம்பளைங்க பக்கம், நமக்கு ரெண்டு சீட்டு முன்னால, நரைச்ச தலை, கட்டம் போட்ட சட்டை. அவருதான். சத்தியில எறங்கி அங்கிருந்து வேற பஸ்ஸு புடிச்சு ஒரு கோயிலுக்குப் போறோம். குடிய நிறுத்தறதுக்கு அங்க கயிறு கட்டறாங்களாம். சாமி முன்னால சத்தியம் வாங்கிட்டுக் கட்டுவாங்களாம், பொறவு தொடமாட்டாங்களாம்.

பாத்தா குடிக்கறவராட்டம் தெரியலேங்கறே. எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்றாங்க. கோயிலுக்குப் போலாம் வாங்கன்னேன், எதுக்குன்னும் சொன்னேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. சட்டைய மாட்டிட்டு வந்து வாசல்ல நின்னுட்டாரு. நீயே சொல்லு, தப்புப் பண்ணாத மனுசன் இப்படிப் பேசாம கெளம்பி வருவாரா? நான் எதுக்கு வரோணும்னு ஒரு சத்தம் போடமாட்டாரா? அங்கதான் எனக்கு உறுதியாச்சு.

நான் கத்திப் பேசறேன்னு நெனச்சுக்காதே. இந்த டப்பா பஸ்ஸு போடற சத்தத்துக்கு, கத்துனாத்தான் ஒட்டி உக்காந்திருக்கற உனக்கே கேக்கும். அவருக்குக் கேக்காது.

எங்களுக்குக் கார் வொர்க்‌ஷாப்பு. சும்மா ஆயில் மாத்தற வொர்க்‌ஷாப்பு இல்ல, ரேஸுக்கு ஓட்டற காரையெல்லாம் இன்னும் வேகமா ஓட வெக்கற வேலை. ட்யூனிங்ம்பாங்க. பெரிய பெரிய மில்லுக்காரங்கூட்டுப் பசங்க வந்து கையக் கட்டிட்டு நிப்பாங்க. ஆனா அவருக்கு ஒரு காலத்துல நெம்பக் குடி. ரோட்டோரத்துல கெடந்து தூக்கிட்டு வந்திருக்கறேன். ஆறு வருசமாச்சு, ஒரு நாள் விட்டுட்டேன்னாரு. விட்டுட்டேன்னு சொன்னா நம்பீற முடியுமா? எங்கூட்ல ஒரு பழக்கம் வெச்சேன். பொழுதோட வேலை முடிஞ்சு வந்தா, வாசப்படிக்கு வெளிய நின்னு, குனிஞ்சு எம் மூஞ்சியில ஊதோணும். ஊதி, வாசமில்லைன்னு நான் தலையாட்டுன பொறவுதான் உள்ள வரோணும். போலீஸ்காரன் மிசின வெச்சு ஊதச் சொல்றானே, அந்த மாதிரி. மழை பேஞ்சாலும் சரி, ஒறம்பரை சனம் வந்து உள்ள உக்காந்திருந்தாலும் சரி. எம் பையன் கல்யாணத்தன்னிக்கு மண்டபத்து வாசல்லயும் ஊதிட்டுத்தான் வந்தாரு. மொகஞ் சுளிச்சதில்ல. இதுகூட எனக்குச் சந்தேகந்தான். எந்த ஆம்பளை மொகஞ் சுளிக்காம ஊதுவான்? ஏதோ உள்ள இருந்தாத்தான அப்படி அடங்கிப் போவாரு?

அப்படி ஓடிட்டிருந்துச்சு. அப்பத்தான் கௌசிக்குன்னு ஒரு தம்பி வந்து சேந்தான். நூல் மில்லுக்காரங்கூட்டுப் பையன். செவப்பா ஒரு வெளிநாட்டுக் காரு. ஸ்டார்ட் பண்ணுனா தெருவுல இருக்கற நாயெல்லாம் எந்திரிச்சு ஓடும். அதுல சூப்பர்சார்ஜரு இருக்குதாம். அந்தக் கார எத்தனால்ல ஓடற மாதிரி மாத்திக் குடுங்கண்ணான்னு கேட்டுட்டு வந்தான்.

எத்தனால்னா என்னங்கன்னு எங்கூட்டுக்காரரக் கேட்டேன். கரும்பாலைல இருந்து வர்ற எரிபொருள்ன்னாரு. எங்கிட்டயே! நீல பேரல்ல வந்து எறங்குச்சு. மூடியத் தொறந்து ஒரு மோப்பம் புடிச்சேன். அம்மணி, பேருதான் எத்தனால். சாராயம்! எங்கப்பா மேல அடிச்ச அதே வாசம்.

வண்டிக்குச் சாராயம் ஊத்தறதான்னு சண்டைக்குப் போனேன். உக்கார வெச்சு வெளக்குனாரு. சூப்பர்சார்ஜருங்கறது காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள திணிக்குமாம். அமுக்குனா காத்து சூடாகுமாம். சூடானா பெட்ரோலு நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சு எஞ்சின் தட்டுமாம். "இது உள்ள போறப்பவே குளிர்ச்சி பண்ணும் சாந்தாமணி, அப்ப இன்னும் ஜாஸ்தி காத்தத் திணிக்கலாம், வண்டி பறக்கும்"னு சின்னப் பையனாட்டம் கண்ணு மின்னச் சொன்னாரு. உள்ள போனா குளிர்ச்சின்னு எங்கப்பாவும்தான் சொல்லுவாரு. அவரும்தான் பறந்தாரு.

சிரிக்காதே. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாரு. இத்தன வருசம் எம் மூக்க நம்பித்தான் நான் குடும்பம் நடத்துனேன். இப்ப தெனமும் சட்டையெல்லாம் ஸ்பிரிட்டு வாசம், கையெல்லாம் ஸ்பிரிட்டு வாசம், தலைமுடில கூட. வாசல்ல நின்னு ஊதறாரு. வாசம் வருது. வாயில இருந்து வருதா, சட்டைல இருந்து வருதா? எப்படிக் கண்டுபுடிக்கறது? சட்டையக் கழட்டிட்டு ஊதுங்கன்னேன். தெருவுல நின்னு சட்டையக் கழட்டிட்டு ஊதுனாரு. எதுத்தூட்டுக்காரி பாத்துச் சிரிச்சா, சிரிக்கட்டும். வாயில வாசமில்லாத மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அவரு கை வாசம் மூக்குலயே நிக்குது, எத நம்பறது?

எனக்கு இன்னொரு பயம். எங்க பெரியண்ணன், மரத்துக்குப் பாலிஷ் போடற ஸ்பிரிட்டக் குடிச்சுத்தான் செத்தான். மொதல்ல கண்ணு போச்சு. "சாந்தா, லைட்டப் போடு, லைட்டப் போடு"ன்னான் பட்டப்பகல்ல. பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அந்தப் பேரலு எங்க ஷெட்டுக்குள்ள நிக்கறத பாக்கறப்பெல்லாம் எனக்கு அவன் கண்ணுதான் ஞாபகம் வரும். இவரும் சொன்னாரு, "இது குடிக்கற சரக்கில்ல, குடிக்கக் கூடாதுன்னே விஷத்தக் கலந்துதான் குடுக்கறாங்க"ன்னு. குடிக்கறவன் எந்தக் காலத்துல விஷத்துக்குப் பயந்தான்? எங்கண்ணன் பயந்தானா?

சரின்னு, மத்தியானம் சோறு கொண்டு போறப்ப ஒரு தென்னங்குச்சியும் கொண்டு போனேன். அவரு கை கழுவப் போற நேரத்துல பேரலுக்குள்ள உட்டு அளந்து, நகத்துல கிள்ளி அடையாளம் வெச்சுக்கிட்டேன். அடுத்த நாள் போயிப் பாத்தா அரைச் சாணு கொறைஞ்சிருக்குது! அடுத்த நாள் இன்னும் கொறைஞ்சிருக்குது! காரு ரோட்டுக்கே போகல அம்மணி, ஷெட்டுக்குள்ளயே உருளை மேல நிறுத்தி ஓட்டிப் பாக்கறாரு. நின்ன எடத்துல நிக்கற காரு இத்தன குடிக்குமா? கேட்டேன். "இது பெட்ரோலாட்டம் இல்ல சாந்தாமணி, வண்டி ரொம்பக் குடிக்கும்"ங்கறாரு. நான் குடிக்கலீங்க, கார்தான் குடிக்குதுன்னு பொண்டாட்டிகிட்டச் சொன்ன புருசன் இந்த ஒலகத்துலயே இவரு ஒருத்தருதான் இருப்பாரு.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எங்கம்மா பண்ணுனதத்தான் நானும் பண்ணுனேன். எங்கப்பா பாட்டில ஒளிச்சு வெச்சா, எங்கம்மா தேடி எடுத்து கால்வாசி தண்ணி ஊத்தி வெச்சுருவா. சண்டை இல்ல, சத்தம் இல்ல. எங்க சித்தியும் அப்படித்தான், எங்க பெரிய அத்தையும் அப்படித்தான். குடிக்கறவங்கூட்ல வாழ்ந்த பொம்பளைங்களுக்கு இது யாரும் சொல்லித் தரோணுமா? வெறும் ஸ்பிரிட்டா குடிச்சாத்தான கண்ணு போகும், தண்ணி கலந்து குடிச்சா உசுராவது தங்கும்னு நெனச்சேன். தெனமும் தூக்குப்போசி நெறையத் தண்ணி கொண்டு போவேன். சோத்தக் குடுத்துட்டு, அவரு அந்தப் பக்கம் போனதும் பேரல்ல ஊத்திருவேன். குடிக்கத் தண்ணி கொண்டு வந்திருக்கறேன்னு நெனச்சுக்குவாரு.

கெட்ட எண்ணமா இது? சொல்லு. புருசன் கண்ணு போகக் கூடாதுன்னு பண்ணுனது.

அப்பத்தான் அவரு நடவடிக்கையே மாறுச்சு. மொதல்ல சந்தோசமா பாட்டெல்லாம் முணுமுணுத்துட்டு வேலை பாத்தவரு, பேசறதில்ல. சாப்பாடு எறங்கல. கேட்டா, வண்டி தடுமாறுதும்பாரு. "நேத்து நல்லா இழுத்துச்சு, இன்னிக்கு விக்கி விக்கி நிக்குது"ம்பாரு. பம்ப மாத்துனாரு, பெட்ரோலுக்குப் போட்டிருந்த ரப்பர் குழாயெல்லாத்தயும் இது அரிச்சுரும்னு வேற குழாயி போட்டாரு, கம்ப்யூட்டர வெச்சு என்னென்னமோ திருத்துனாரு. மறுக்கா வண்டி விக்குது. கண்ணெல்லாம் செவந்து கெடக்கும். டம்ளரப் புடிச்சா கை நடுங்கும். தனக்குத்தானே பேசிக்குவாரு.

கண்ணு செவந்து, கை நடுங்கி, தனியாப் பேசறது எதோட அடையாளம்? எனக்குத் தெரியாதா? வருசக்கணக்கா பாத்தவ நானு. அதனால போசியப் பெருசா மாத்துனேன். அவரு ஆக ஆக மோசமாக, நானும் ஆக ஆகத் தண்ணிய ஜாஸ்தி பண்ணுனேன்.

அன்னூரு வந்துருச்சா? நெறைய எறங்கறாங்க. மஞ்சச் சட்டையும் எறங்கிட்டான் பாத்தயா? நான் ஒரு கண்ணு வெச்சிருந்ததாலதான் கைய வெக்கல.

கேளு. ட்ராக்குல ஓட்டிக் காட்டற நாள் வந்துச்சு. கௌசிக்கு தம்பி அவங்கப்பாரு, கூட்டாளிங்க எல்லாத்தயும் கூட்டிட்டு வந்திருந்தான். இது நல்லபடியா ஓடிட்டா இன்னும் நாலஞ்சு காரு இவருகிட்ட வரும்னு பேச்சு. பெங்களூருல இருந்துகூட ஒருத்தரு பாக்க வந்திருந்தாரு. நானும் சாப்பாடு எடுத்துட்டுப் போனேன். காரு நல்லாத்தான் கெளம்புச்சு. வளைவு திரும்புச்சு, இருமுச்சு, ஒதறுச்சு, எல்லாரும் பாத்துட்டிருக்க நட்ட நடுவுல நின்னே போச்சு. தள்ளித்தான் கொண்டு வந்தாங்க.

இவரு நேரா, அங்க வந்திருந்த ஸ்பிரிட்டு சப்ளை பண்றவரு மேல பாய்ஞ்சாரு. "தண்ணி கலந்து குடுத்திருக்கறே"ன்னாரு. அந்த மனுசன் சும்மா விடுவாரா? வண்டில இருந்து ஒரு கண்ணாடிக் குழாய எடுத்துட்டு வந்தாரு. பால் சொசைட்டில பால்ல முக்கித் தண்ணி பாப்பாங்கல்ல, அதே மாதிரி. அதே வண்டில இருந்த சீல் ஒடைக்காத பேரல்ல இருந்து எடுத்துப் பாத்தாரு, சுத்தம். ஷெட்டுல இருந்து கொண்டு போயிருந்த நம்ம பேரல்ல இருந்து எடுத்துப் பாத்தாரு. எல்லாரும் குனிஞ்சு பாத்தாங்க. தண்ணி நெறையக் காட்டுச்சு.

கௌசிக்கு தம்பிதான் மொதல்ல வாயத் தொறந்தான். "நாச்சிமுத்தண்ணா, எங்கிட்ட உண்மையச் சொல்லுங்கண்ணா, நான் கோவிச்சுக்க மாட்டேன். நீங்க பழையபடி எடுத்துக் குடிச்சுட்டு, அளவு தெரியக்கூடாதுன்னு தண்ணி ஊத்தி வெச்சுட்டீங்களா?"

அவங்கப்பாரு, "குடிகாரன்கிட்ட ஸ்பிரிட்டக் குடுத்தா வேற என்ன ஆகும்"னாரு. நாலு பேரு சிரிச்சாங்க.

என்னது? ஓ, புளியம்பட்டியா. டிரைவரு டீக்கு எறங்கறானாட்டக்குது. எறங்கட்டும். நீ எறங்காதே, சீட்டுப் போயிரும். கதையக் கேளு, முக்கியமான எடமே இப்பத்தான்.

எங்கூட்டுக்காரரு நேரா எங்கிட்ட வந்தாரு அம்மணி. சோத்துப் போசியோட நிக்கறேன். அத்தன பேரு முன்னால, எங்கூட்டு வாசப்படில நிக்கற மாதிரியே குனிஞ்சு, எம் மூஞ்சியில ஊதுனாரு. "சாந்தாமணி, நீ சொல்லு. ஆறு வருசமா மோந்து பாக்கறவ நீ. நான் குடிச்சிருக்கறனா? இவங்ககிட்டச் சொல்லு"ன்னாரு.

வாசம் வல்ல. உள்ளதச் சொல்லோணுமில்ல? பச்சக் கொழந்த வாயாட்டம், துளி வாசம் வல்ல. ஆனா அத நான் எப்படிச் சொல்லுவேன்? குடிக்கலைன்னு சொன்னா, அப்ப தண்ணி ஊத்துனது யாருன்னு அடுத்த கேள்வி வரும். பேரல்ல தண்ணி ஊத்துனவ நானு! நாந்தான் ஊத்துனேன்னு அத்தன ஆம்பளைங்க முன்னால நின்னு சொல்ல முடியுமா? பல லட்ச ரூபாக் காருங்கறாங்க. போலீசு கீலீசுன்னு போனா? எனக்குச் சளி புடிச்சிருக்குது, மூக்கடைச்சிருக்குது, எனக்கு ஒண்ணும் தெரியலீங்கன்னுட்டேன்.

அவரு திரும்பி நடந்தாரு. போயி ஒரு டயரு மேல உக்காந்துட்டாரு. காரத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அன்னில இருந்து ஷெட்டத் தொறக்கல. ஒருத்தரும் வர்றதில்ல. வந்த ஒண்ணு ரெண்டு பேரும் கார நிறுத்தாம அப்படியே திருப்பிட்டுப் போயிட்டாங்க. இவரு வீட்டுக்கு வந்தாலும் வாசல்ல நின்னு ஊதறதில்ல, எம் மூஞ்சியப் பாக்காம நேரா உள்ள போயி படுத்துக்கறாரு. அப்ப சந்தேகம் வருமா வராதா? நான் ஊத்துனது எத்தனைன்னு எனக்குத் தெரியும். அந்தக் குழாயில அத்தன தண்ணி காட்டுச்சுன்னா, நான் ஊத்துனது போக மிச்சத்த ஊத்துனது யாரு? அவரும் கொஞ்சம் குடிச்சுட்டுக் கொஞ்சம் ஊத்தித்தான் இருப்பாருன்னு...

ஏன் அம்மணி எங் கையப் புடிக்கறே?

ஏன் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கறாங்க?

பஸ்ஸுல சத்தமே இல்லையே. எஞ்சின எப்ப ஆஃப் பண்ணுனான்? புளியம்பட்டி வந்ததுல இருந்தேவா? நீ ஏன் சொல்லல எங்கிட்ட? நான் பாட்டுக்கு அதே மாதிரி கத்திட்டிருக்கறேன், நீ கல்லாட்டம் உக்காந்து கேட்டுட்டே இருந்திருக்கறே! நீ யாரு மொதல்ல? எந்த ஊரு?

அவரு திரும்பிப் பாக்கறாரு.

கேட்டிருக்காது. ரெண்டு சீட்டு தள்ளியில்ல இருக்கறாரு. கேட்டிருந்தா சத்தம் போட்டிருப்பாரு, அடிக்கவாவது வந்திருப்பாரு. சும்மா பாக்கறாரு பாரு. அவரு பார்வையே அப்படித்தான். ஏனுங்க, தண்ணி வேணுங்ளா? தாகமா?

எந்திரிக்கறாரு. டீ குடிக்கப் போறாராக்கும். ஆமா, டீதான். முன்னாடி வழியா எறங்கிட்டாரு. பையயும் எடுத்துட்டுப் போறாரு பாரு, டீக்கு எதுக்குப் பை? அதத்தான் நான் சொல்றேன், கயிறு கட்டற பயம் வந்துருச்சு. சத்தியம் பண்ணோணுமில்ல? குடிக்கறவனுக்குத்தான் அந்தப் பயம் வரும். நான் சொன்னது சரியாப் போச்சா?

உன்ற சன்னலுக்கு வர்றாரு. நீ கொஞ்சம் பின்னால சாஞ்சுக்க.

ஏனுங்க, டிக்கெட்ட எதுக்கு எங்கிட்டக் குடுக்கறீங்க? ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்டுத்தானுங்களே, நீங்களே வெச்சுக்கங்க. டிரைவரு வந்துட்டாரு, ஏறுங்க. என்ன? நான் வல்லைங்கறீங்ளா? வல்லைன்னா? சாமிக்கு முடிஞ்சு வெச்ச காசு இருக்குதுங்க, வரமாட்டேன்னு இப்பச் சொன்னா எப்படிங்க? ஏனுங்க! நான் உங்க நல்லதுக்குத்தானுங்க...

உன்ற கையில திணிச்சுட்டுப் போயிட்டாரா? டிக்கெட்டக் குடு அம்மணி, கையில வெச்சுக்கறேன். டாஸ்மாக்கு எந்தப் பக்கம் இருக்குது இந்த ஊருல? அந்தப் பக்கந்தான போறாரு? இல்லையா? அது கோயமுத்தூரு பஸ்ஸு நிக்கற எடமா? நல்லாப் பாத்துச் சொல்லு.

எஞ்சின எடுத்துட்டான். கண்டக்டரு, ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் நில்லுங்க. எங்கூட்டுக்காரரு ஏறல. வருவாரு. வந்துருவாருங்க.

நீதான சன்னலோரம் இருக்கறே. எனக்கு இங்கிருந்து ஒண்ணும் தெரியல. எட்டிப் பாரு. திரும்பிப் பாக்கறாரா அம்மணி?